வாயிலோனும் வழக்கும்

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கண்ணகி வழக்குரைத்த கதையை ஒருநாள் சொல்லிக் கொண்டிருந்தேன். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததையும், தன் அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள் என்பதை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்ததையும் கூறி முடித்தபோது, வகுப்பில் வழக்கமாக நிலவும் அமைதி நிலவியது. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த வாயிற்காவலன் கண்ணகியை உள்ளே விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தக் காதையை ஓதியும் ஓதுவித்தும் வந்த நான் ஒரு நாளும் அந்த வாயிலோனைப் பற்றிச் சிந்தித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிந்தித்துப் பார்த்தால் அவன் செயல் வியப்புக்குரியது. தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு, அரசனையே பழித்துக் கொண்டு வந்து நிற்கின்றாள் முன்பின் அறியாத ஒரு பெண். அவளை விரட்டிவிட அவனுக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவன் விரட்டவில்லை, அவள் சொன்னதை மாற்றவும் இல்லை. அவளுடைய தோற்றத்தைக் கண்டு தான் அஞ்சியதையும் மறைக்காமல் அரசனிடம் போய் உரைத்தான். அரசனும் அழைத்து வரச் சொன்னான். பாண்டியன் அவையின் பெருமையைப் பேசுவோர் அரசன் உயிர்விட்டதையே பேசுவர். உண்மையில் அந்தப் பெருமை வாயிலிலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் அதே அரண்மனையில், அதற்குச் சற்று முன்னர், வேறொரு முறையீடு வந்தது என்பதையும் மறத்தலாகாது. அரசியின் சிலம்பைக் களவாடியவனாகிய பொற்கொல்லனே, 'கள்வனைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று அரசனிடம் வந்தான். அரசனோ ஊடியிருந்த தேவியின் நினைவில் விரைந்து சென்று கொண்டிருந்தான். காவலரை அழைத்து ஆணையிட்டுவிட்டுப் போனான். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், 'இவன் கள்வன் அல்லன்' என ஐயுற்றனர். பொற்கொல்லன் அவர்களோடு கூடவே நின்று, களவு நூலை எடுத்துரைத்து அவ்வையத்தைப் போக்கினான். குற்றத்தில் தொடர்புடையவனே விசாரணைக்குத் துணையாக நின்றால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். அவன் செய்த பிழை யாரைக் கொண்டு ஆராய்வது என்பதை ஆராயாமல் விட்டது.

அரசாங்கப் பணியாளர் ஒருவர், தாம் பணிபுரியும் இடத்தில் இனத்தாலோ சமயத்தாலோ பாலினத்தாலோ தாழ்த்தி நடத்தப்பட்டதாக முறையிடும்போது அம்முறையீடு எவ்வழியே செல்கின்றது, எங்கே தங்குகின்றது, யார் கையால் ஆராயப்படுகின்றது என்னும் கேள்வியை எண்ணும்போதெல்லாம் எனக்கு இவ்விரு காட்சிகளும் முன்னும் பின்னுமாகத் தோன்றுகின்றன. இது சட்டம் படித்தோர் மட்டும் பேச வேண்டிய பொருளன்று. நம் நாட்டில் தமிழ் படித்தோருள் மிகப் பலர் ஆசிரியர்கள். ஆசிரியர்களோ அரசாங்க ஊழியர்கள். ஆசிரியத் தொழிலுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களும் நாளை ஒரு நாள் இவ்வாயிலின் இந்தப் பக்கத்திலோ அந்தப் பக்கத்திலோ நிற்கத்தான் போகின்றார்கள்.

என் பாட்டனார் குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். கங்காணியின் மீது குறை இருந்தால் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி துரையிடம் சொல்வார். துரைக்குத் தமிழ் ஓரளவு தெரிந்திருந்தாலும் ஏட்டில் ஏறுவது கிராணி எழுதுவதுதான். கங்காணியும் கிராணியும் மாலையில் ஒன்றாக அமர்பவர்கள். குறை சொன்னவனுக்கு மறுநாள் பெரட்டில் மேட்டுப் பக்கத்துத் தூரத்து நிரை கிடைக்கும். அடியில்லை, வசையில்லை, வெறும் நிரைமாற்றம். அதைக் குற்றம் என்று யாரும் நிறுவ முடியாது. "சொன்னால் நிரை மாறும்" என்பது பாட்டனார் வாயில் பழமொழி போலவே வழங்கியது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் பின்னர் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டு, போர் வரும்வரை தோட்டங்களுக்குச் சென்று பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதி வந்தார். அவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. எனினும் அவர் தோட்டத்தைச் சேராத ஆள் என்பதே அவர் வருகைக்கு ஒரு மதிப்பைத் தந்தது. வெளியாள் ஒருவர் கேட்கின்றார் என்றாலே உள்ளே இருப்போர் நடை சற்று மாறும். இது மனித இயல்பு.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நம் கூட்டரசு அரசியலமைப்பு இப்பொருள் பற்றி வாளாவிருக்கவில்லை. அதன் 136ஆம் பிரிவு, கூட்டரசுப் பணியில் ஒரே தரத்தில் உள்ளோர் எந்த இனத்தவராயினும், பணி விதிமுறைகளுக்கு உட்பட்டு, நடுநிலையோடு நடத்தப்பட வேண்டும் என்று விதிக்கின்றது. 135ஆம் பிரிவு, தக்க வாய்ப்பளித்துக் கேளாமல் ஓர் அதிகாரியைப் பணிநீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்கின்றது. 8ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசியலமைப்பே வெளிப்படையாக இசைவளித்த இடங்கள் நீங்கலாக, சமயம், இனம், வமிசம், பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு பொது அதிகார அமைப்பின் கீழுள்ள வேலைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. 'பாலினம்' என்னும் சொல் 1957இல் அங்கே இருந்ததில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் சேர்ந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 153ஆம் பிரிவு வேறு செய்தி. ஒதுக்கீடு பற்றிய அவ்விவாதத்தை இங்கே இழுக்க நான் விரும்பவில்லை. ஒதுக்கீட்டால் உள்ளே வந்தவரானாலும் பிறராயினும், வந்தபின் ஒரே தரத்தில் நிற்போர் ஒத்து நடத்தப்பட வேண்டும் என்பதுதான் 136 கூறுவது.

விதி உயர்ந்தது. வழி எப்படி? தனியார் துறையில் உள்ளோர்க்குத் தொழிலுறவு அமைப்புகளின் வாயில்கள் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் முதன்மையான பகுதிகள் அரசாங்கப் பணிக்குப் பொருந்தா என்று அச்சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்லிவிடுகின்றது. அரசாங்க ஊழியர் முதலில் தம் துறைத் தலைவரையே நாட வேண்டும். மேலிடத்துக்கு எழுதினாலும் கடிதத்தின் தலைப்பில் 'மெலாலுய்', அதாவது 'இன்னார் வழியாக' என்றொரு வரி இருக்கும். அந்த 'இன்னார்' பெரும்பாலும் துறைத் தலைவர், பள்ளியாயின் தலைமையாசிரியர். அதற்கு வெளியே 1971இல் அமைக்கப்பெற்ற பொதுப் புகார்ப் பிரிவு உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த மனித உரிமை ஆணையமாகிய சுஹாக்காம் உண்டு. அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், ஆனால் தண்டிக்க இயலாது. நீதிமன்றத்தில் உள்ள வழக்கைத் தொடவும் இயலாது. இறுதியில் நீதிமன்றம். நீதிப் புனராய்வு கோருவோர், முடிவு தமக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதி. உள்ளேயே முறையிட்டு, 'பரிசீலனையில் உள்ளது' என்னும் பதிலைப் பெற்று, அந்தப் பரிசீலனை முடியட்டும் என்று நல்ல பிள்ளையாகக் காத்திருப்பவருக்கு மூன்று மாதம் என்பது எத்தனை விரைவில் கரையும்!

இன்னுமொரு செய்தி. 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிகளின் 4ஆம் விதி, பணி தொடர்பான கோரிக்கையை வலியுறுத்த ஊழியர் வெளிச் செல்வாக்கையோ அழுத்தத்தையோ கொண்டுவரக் கூடாது என்கின்றது. இவ்விதியை நான் குறை கூற மாட்டேன். ஒவ்வொருவரும் சட்டமன்ற உறுப்பினரையும் செய்தித்தாளையும் துணைக்கழைத்தால் நிருவாகம் நடவாது. ஆனால் வெளிக் கதவைப் பூட்டியவர் உள்கதவைத் திறந்து வைக்கும் கடனை ஏற்றுக்கொள்கின்றார் அல்லவா? 'வெளியே பேசாதே' என்று கட்டளையிடும் ஓர் அமைப்பு, 'உள்ளே பேசினால் நேர்மையாகக் கேட்கப்படும்' என்று வாக்களித்ததாகவே பொருள். முறையீட்டு வழிமுறை அரசாங்கம் இரங்கி அளிக்கும் சலுகை என்றே பலர் நினைக்கின்றனர். ஊழியர் தம் வாயைக் கட்டிக்கொண்டதற்கு ஈடாகப் பெற்ற உரிமை அது என்பேன்.

இவ்வழியில் நடந்து முடிவு கண்ட வழக்கு ஒன்று நம் ஆசிரிய உலகத்திலேயே உள்ளது. 2009ஆம் ஆண்டு சனவரியில், உலு லங்காட் மாவட்டத்தில், நூர்ஃபாடில்லா அகமட் சைக்கின் என்னும் பெண்மணிக்குப் பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர் பணி கிடைத்தது. பணியிட ஆணையும் கைக்கு வந்துவிட்டது. கருவுற்றிருப்போர் உண்டா என்று கேட்கப்பட்டபோது அவர் மறைக்காமல், ஆம் என்றார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2011ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சலேஹா யூசோப், கருவுற்றிருப்பதைக் காரணமாக்கி வேலை மறுப்பது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தார். 8ஆம் பிரிவை விளக்குவதற்கு, மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை அவர் துணைக்கொண்டார். அரசாங்கம் மேல்முறையீடு செய்து, 2013இல் அதைக் கைவிட்டது. 2014இல் இழப்பீடு மூன்று இலட்சம் வெள்ளி என மதிப்பிடப்பட்டது. 2016 சனவரியில் அது முப்பதாயிரம் வெள்ளியாகக் குறைக்கப்பட்டது.

வேலை போனது ஒரு நாளில். உரிமை உறுதியானது இரண்டரை ஆண்டில். தொகை முடிவானது ஏழாம் ஆண்டில். கருவில் இருந்த குழந்தை அதற்குள் பள்ளியில் சேரும் அகவையை எட்டியிருக்கும். தொகை பத்தில் ஒரு பங்கானது சரியா தவறா என்று கூற நான் நீதிபதியல்லன். மாதத்திற்கு மாதம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலைக்கு அவ்வளவு பெருந்தொகை ஏன் என்று கேட்போர்க்கும் ஒரு நியாயம் உண்டு. என் மனத்தைத் தைப்பது வேறு. அந்தப் பெண்மணி 'இல்லை' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். நாளை மாணவர்க்கு வாய்மையைக் கற்பிக்க வந்தவர், வாய்மையின் பொருட்டே வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

அவரை நிறுத்தியவர்கள் கொடியவர்களா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. தற்காலிக ஆசிரியர் விடுப்பிற் சென்றால் அவருக்கும் ஒரு தற்காலிக ஆசிரியரைத் தேட வேண்டும், மாணவர் கல்வி தடைப்படும் என்றெல்லாம் எண்ணியிருப்பார்கள். நானும் அவ்வாறு எண்ணியவன்தான். அதைப் பின்னர்ச் சொல்கின்றேன். இதே எண்ணத்தை இந்தியாவில் ஒரு சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். இந்திய வெளிநாட்டுப் பணியில் முதன்முதல் சேர்ந்த பெண் சி. பி. முத்தம்மா. குடகில் பிறந்து சென்னையில் கல்லூரிக் கல்வி பெற்றவர். அப்பணிக்கான 1961ஆம் ஆண்டு விதிகளின்படி, பெண் அதிகாரி திருமணம் புரிய அரசின் எழுத்து வழி இசைவைப் பெற வேண்டும். குடும்பக் கடமைகள் அவர் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்குக் குடும்பம் உண்டு, ஆனால் குடும்பக் கடமை இல்லை போலும்! பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்சநீதிமன்றம் சென்றார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆனால் வழக்கு முடியுமுன்னரே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டதால் மனு தள்ளுபடியாயிற்று. முறையிட்டவருக்கு மட்டும் வாயடைப்பாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் கேள்வி மறைந்துவிடும் என்று எண்ணும் அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த நீதிபதி கேள்வியை மறையவிடவில்லை. இத்தகைய விதிகளைத் திருத்தும் தேவையை அரசுக்கு எடுத்துரைத்தே அவ்வழக்கை முடித்தார்.

அமெரிக்காவின் முறையையும் சற்றே பார்ப்போம். இத்துறையில் மிக விரிவாக விதி எழுதிய நாடு அது. அங்கே 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வேலையிடப் பாகுபாட்டைத் தடுத்தபோது கூட்டரசு ஊழியர் அதன் பயனைப் பெறவில்லை. 1972ஆம் ஆண்டுத் திருத்தமே அவர்களை உள்ளே கொணர்ந்தது. பிறர்க்குச் சட்டம் செய்த அரசாங்கம் தனக்குச் செய்துகொள்ள எட்டாண்டு ஆயிற்று. அம்முறைப்படி ஊழியர், நிகழ்ச்சி நடந்த 45 நாள்களுக்குள் துறையிலுள்ள ஆலோசகர் ஒருவரைக் காண வேண்டும். ஆலோசகர் பொதுவாக 30 நாள்களில் இணக்கம் காண முயல்வார். இணக்கம் இல்லையெனில், அறிவிப்புப் பெற்ற 15 நாள்களுக்குள் முறையான புகார் எழுத வேண்டும். பின்னர் 180 நாள்களுக்குள் விசாரணை நடைபெற வேண்டும். அதன்பின் ஊழியர் சமவாய்ப்பு ஆணையத்தின் நீதிபதி முன் விசாரணை கோரலாம். அல்லது துறையின் இறுதி முடிவைக் கேட்கலாம். படிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகின்றது. ஆனால் அந்த 180 நாள் விசாரணையை நடத்துவது யார்? புகாருக்கு ஆளான துறையேதான். தானே நடத்தலாம், அல்லது தன் செலவில் ஓர் ஆளை அமர்த்தலாம். பொற்கொல்லன் காவலரோடு போகாவிட்டாலும், அவர்களுக்குக் கூலி கொடுப்பவனாக இருக்கின்றான்! ஆணையத்தின் நீதிபதி என்னும் வெளியாள் பின்னால் இருப்பதுதான் அம்முறையைக் காப்பாற்றுகின்றது.

அங்கும் நிரை மாறுகின்றது. அந்நாட்டுக் கூட்டரசு ஊழியர் தரும் பாகுபாட்டுப் புகார்களில், இனம், பாலினம், அகவை ஆகியவற்றையெல்லாம் விட மிகுதியாகப் பல ஆண்டுகளாகக் கூறப்பட்டு வரும் காரணம் 'பழிவாங்கல்' என்பதே. அதாவது, முன்னர் முறையிட்டதற்காகவே தாம் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்வோர்தாம் மிகப் பலர். மார்ஷா கோல்மன் அடெபாயோ என்னும் கறுப்பினப் பெண்மணி, தாம் பணியாற்றிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்து ஆறு இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அவர் அதோடு நில்லாமல் போராடியதன் விளைவாக 2002இல் ஒரு சட்டம் பிறந்தது. அதற்கு முன்னர் இத்தகைய இழப்பீடுகள் பொதுக் கருவூலத்திலிருந்து போயின; அச்சட்டத்தின் பின் அந்தந்தத் துறையே தன் நிதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. சிறு மாற்றம்தான். ஆனால் அறத்தை நன்கு அறிந்தவர் செய்த மாற்றம். யாரோ கொடுக்கும் பணத்தில் நடக்கும் பிராயச்சித்தம் பிராயச்சித்தம் ஆகுமா?

இனி, மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். பொய்ப் புகார் எழுதுவோர் இல்லையா என்று தலைமையாசிரிய நண்பர்கள் கேட்பர். உண்டு. பதவியில் இருப்போரிடம் மொட்டைக் கடிதம் பெறாதவர் யார்? எனக்கும் வந்துள்ளன. ஒன்றில் என் கையெழுத்தைக் கேலி செய்திருந்தார்கள். அது நியாயமான விமரிசனம். மற்றொன்றில் நான் செய்யாத ஒன்றை எழுதியிருந்தார்கள். பல இரவுகள் உறக்கம் போயிற்று. ஆகவே பழிசுமத்தப்பட்டவரும் கேட்கப்பட வேண்டும், அவருக்கும் குற்றம் இன்னதென்று எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் மொட்டைக் கடிதம் ஏன் பிறக்கின்றது? பெயர் எழுதிக் கொடுத்தால் நிரை மாறும் என்ற அச்சத்தில்தான் பாதி பிறக்கின்றது. நேர்வழி அடைபட்டுக் கிடக்கும் இடத்தில் பெயரில்லாக் கடிதம் மிகும். அதைக் கண்டு, 'பார்த்தீர்களா, புகார் எழுதுவோர் எல்லாரும் கோழைகள்' என்று சொல்வது, வழியை அடைத்தவரே வேலி தாண்டியவனைப் பழிப்பது போன்றது.

வேறொரு தடை நம் பண்பாட்டிலிருந்தே வருகின்றது. பொறுமையை நாம் பெரிதும் போற்றுகின்றோம். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். "கொஞ்சம் பொறுத்துப் போங்கள் டீச்சர்" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஆனால் பொறுத்தல் என்பது தீங்குற்றவர் தாமே தேர்ந்துகொள்ளும் அணி. தீங்கு செய்தவரோ அவர் சார்பில் பேசுபவரோ அதை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட முடியாது. வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன பொறுமை வேறு. காதுக்குக் கசக்கும் சொல்லையும் தாங்கிக்கொள்ளும் பொறுமை அது. அதை அவர் இறைமாட்சியில் வைத்தார். ஆள்பவனுக்குரிய பொறுமையைப் பணிபுரிபவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குத் திருக்குறளையே சான்று காட்டும் வழக்கம் நம்மிடையே எப்படி வந்ததோ தெரியவில்லை.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூரின் உட்பகுதியில் ஒரு சிறு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். ஆசிரியை ஒருவர், மிகத் திறமையானவர். பதவி உயர்வுக்கு உதவக்கூடிய பயிற்சிகளுக்கு ஆண்டுதோறும் ஒருவரைப் பரிந்துரைக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேறொருவரை அனுப்பினேன். அம்மூவரும் ஆடவர். அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. பயிற்சியோ வெளியூரில், பல நாள். "குழந்தை சிறியது, இந்த அலைச்சல் உங்களுக்கு ஆகாது" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். அன்பு என்றே இன்றும் என் மனம் வாதாடுகின்றது.

அவர் ஒரு கடிதம் எழுதினார். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு முகவரியிட்டு, முறைப்படி, 'தலைமையாசிரியர் வழியாக' என்று குறித்து, என்னிடமே கொண்டு வந்து கொடுத்தார். என் மீதான புகார், என் வழியாக, என் கருத்துரையோடு போக வேண்டும். நான் படித்துவிட்டு, "இதையெல்லாம் எழுத வேண்டுமா? என்னிடமே பேசியிருக்கலாமே" என்றேன். அவர் அமைதியாக, "ஐயா, குழந்தையால் எனக்கு அலைய முடியாது என்று நான் உங்களிடம் எப்போதாவது சொன்னேனா?" என்று கேட்டார். சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். கருத்துரை எழுத வேண்டும் என்பது காரணம். முதல் நாள் எழுதிய கருத்துரை இரண்டு பக்கம். அதில் அவருடைய வருகைப் பதிவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன். பொய்யான வரி அன்று. ஆனால் புகாருக்குத் தொடர்பில்லாத வரி. அதை ஏன் சேர்த்தேன்? பொற்கொல்லன் காவலரிடம் பேசிய களவு நூலுக்கும் அந்த வரிக்கும் உறவு உண்டென்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கிழித்துப் போட்டேன். பின்னர் ஒரு வாரம் எழுதவே இல்லை. பள்ளி விளையாட்டுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று வேலைகள் இருந்தன. வேலைகள் எப்போதும் இருக்கும். உண்மையைச் சொன்னால், அவர் மனம் மாறிக் கடிதத்தைத் திரும்பக் கேட்பார் என்று காத்திருந்தேன். எதிரில் வரும்போது வழக்கம்போல் வணக்கம் சொன்னார். கேட்கவில்லை.

பதினோராம் நாள், "மூன்று ஆண்டும் பரிந்துரைத்தவன் நான். இவரிடம் விருப்பம் கேட்கவில்லை. குழந்தையைக் காரணமாக எண்ணியது உண்மை. இதனை வேறொருவர் ஆராய்வது முறை" என்று நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு அவர் சென்றார். அதை நான் அளித்த நீதியாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. போன மூன்று ஆண்டுகளை யார் தருவார்? பின்வரிசை மாணவன் கேட்ட கேள்விக்கும் அன்று வகுப்பில் நான் நேரான விடை சொல்லவில்லை. "நல்ல கேள்வி, உட்கார்" என்றேன்.

ஈராண்டு கழித்து அந்த ஆசிரியை தம் கணவரின் ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். விடைபெற வந்த அன்று, தம் கோப்பிற்காக அந்தக் கடிதத்தின் படி ஒன்று வேண்டும் என்றார். எழுத்தர் எடுத்து வந்து கொடுத்தார். மேல் ஓரத்தில் பள்ளி பெற்றுக்கொண்ட நாளின் முத்திரை. கீழே என் கையொப்பமும் அனுப்பிய நாளும். அவர் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.